ஆன்டிபயாடிக் பரமசிவம்

தும்மல் சத்தம் கேட்டால் மாத்திரை அட்டையோடு ஓடிவருகிற ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரத்தில் அதற்குத் தலைசிறந்த மாதிரி எங்கள் தெருப் பரமசிவம். தொழில் பட்டுச்சேலை வியாபாரம். ஆர்வம் அடுத்தவர் தொண்டை. கருட சேவைக் கூட்டத்தில் இருமியவர், கடையில் சேலை புரட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சியவர், கோயில் இட்லியில் மிளகைக் கடித்துப் புரையேறியவர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. மீந்துபோன ஆன்டிபயாடிக்கில் இரண்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவார்.

டாக்டர்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு, எழுதிக்கொடுத்தால். போன ஐப்பசியில் அவருக்கே சளி பிடித்தபோது டாக்டர் நதியா எழுதவில்லை.

"வைரஸ் சளி சார், தானா போயிடும். தொண்டை ஒரு பக்கமா வலிச்சு, வாய் தொறக்க முடியலன்னா உடனே வாங்க."

"இன்னாம்மா, வெந்நீர் குடிக்கவா கிளினிக்குக்கு வந்தேன்?" என்றவர், மெடிக்கலில் தானே கேட்டு வாங்கினார். இரண்டு விழுங்கினார். சளி தானாகப் போனது. பெயர் மாத்திரைக்கு!

தையில் வந்தது வேறு. காய்ச்சல்; தொண்டையின் இடது பக்கம் காதுவரை இழுக்கும் வலி. பழைய வைத்தியம்தான்: இரண்டு மாத்திரை, கொஞ்சம் தேவலை, நிறுத்து. பிறகு வாய் திறக்கவில்லை. எச்சில்கூட இறங்காமல் துண்டில் வழிந்தது. பேச்சோ, சூடான களியை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் ஆனது.

மனைவி புவனேஸ்வரி பயந்துபோனார். "டாக்டரம்மா அன்னிக்கே இதைத்தானே சொன்னாங்க! ஆட்டோ வந்துக்கினு இருக்குது, கிளம்புங்க!"

நதியா பார்த்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருந்தது. விட்டிருந்தால் மூச்சுக்கே ஆபத்தாம். ஊசியால் அதை உறிஞ்சி எடுத்து முடிக்கும்வரை, ஊர்த் தொண்டையெல்லாம் பார்த்த மனிதர் மனைவியின் கையை விடவேயில்லை.

மறுநாள் நதியா வந்தார். "இப்பவாச்சும் ஆன்டிபயாடிக் உண்டாம்மா?" என்று பரமசிவம் கரகரத்தார்.

"இப்பதான் சார் வேணும். சொன்ன நாள் முழுக்க."

முழுக்கச் சாப்பிட்டார், தேறினார். திருந்தினாரா? ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்த ஆள் லேசாக இருமினார். பரமசிவம் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு பக்கமா வலிக்குதாபா? வாயைத் தொற, பாக்கலாம்!"

சிரிக்கிறீர்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே நீங்களும் ஒருமுறை எச்சில் விழுங்கிப் பார்த்தீர்கள், இல்லையா? போகட்டும். எழுந்து எங்கே போகிறீர்கள், அந்த மாத்திரை அலமாரிப் பக்கம்?