இரண்டாவது திரையில் இருப்பவருக்கு

என்றும் என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய என்னவருக்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் சௌக்கியம். புது மானிட்டர் மட்டும் சௌக்கியமில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. உங்கள் சௌக்கியத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் இத்தனை கூத்தும் நடந்தது என்பதால் அதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இதை வீடியோவில் பேசும்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கே சொல்வது? வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சுரங்கப்பாதை வேலை நடக்கும் மலையிலிருந்து சைட் ஆபீசுக்கு இறங்கி வந்து அங்கிருக்கிற ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் அந்த வெல்டர் தம்பி, தன் முறை எப்போது வரும் என்று கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். என் முதுகுக்குப் பின்னால் மாமா, அதாவது உங்கள் அப்பா. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் "உள்ள தள்ளி நில்லு, உள்ள தள்ளி நில்லு" என்று ஆளை விரட்டும் பழக்கம் அவரை விடவில்லை. கேமராவில் தன் முகம் தெரியவேண்டும் என்பதற்காக என்னைத் தள்ளித் தள்ளி, போன மாதம் நாற்காலியோடு சுவரில் ஒட்டவைத்துவிட்டார். இப்படி இரண்டு பக்கமும் காவல் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் என்னத்தைப் பேச முடியும்? வெயில் அடிக்கிறதா, மழை பெய்கிறதா என்று பேசலாம். அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய மானிட்டர் உயிரை விட்டது உங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் தீசிஸை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை நடுவில் பச்சையாய் ஒரு கோடு விழுந்தது, கோடு இரண்டாயிற்று, அப்புறம் ஒரே இருட்டு. அதே சைஸில் ஒன்று வாங்கினால் போதும் என்றுதான் கடைக்குப் போனேன். அங்கே அகலமாக ஒரு மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ ஒரு ஆள் விளம்பரத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். பல்லிடுக்கு வரைக்கும் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆளே இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றால், என்று நினைத்தேன். மிச்சத்தை நினைத்து முடிப்பதற்குள் "இதையே பேக் பண்ணிடுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. தீசிஸுக்காக வாங்கியதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். அந்த மனிதருக்கு உலகத்தில் எல்லாமே "சின்ன விஷயம்தான் அக்கா." மேசையில் இடம் போதவில்லை என்றேன், சின்ன விஷயம்தான் என்று பிரிண்டரைத் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டார். இப்போது நான் இங்கே பிரிண்ட் கொடுத்தால் அங்கே மிக்சிக்குப் பக்கத்தில் தாள் விழுகிறது. எந்த ஒயரை எதில் செருகுவது என்றேன். புது ஒயர், பழைய ஒயர் இரண்டையுமே செருகி, "ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு வேலை செய்யும், கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையைப் போட்டால் கருப்பாக இருக்கிறது, நடுவே ஒரு சின்னப் பெட்டியில் "நோ சிக்னல்" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக நகர்கிறது. நான் பதறிப்போனேன். மாமா பதறவே இல்லை. "சிக்னல் இல்லன்னு அதுவே சொல்லுதே. பையன் மலை மேல இருக்கான்ல, இறங்கி வரவரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பெட்டி நகர நகர, நீங்கள்தான் வளைந்து வளைந்து மலையிறங்கி வருகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கீழ்மூலைக்கு வந்தபோது மாமா, "வந்துட்டான், வந்துட்டான்" என்று துண்டைச் சரிசெய்துகொண்டார். மறுபடியும் மேலே போய்விட்டது. கடைசியில் செல்போன் அடித்தது. "எவ்வளவு நேரமா கூப்பிடறேன், ஏன் எடுக்கல?" என்று எரிந்து விழுந்தீர்கள். "நீங்க இன்னும் இறங்கலன்னு காட்டுதுங்க" என்றேன். அப்போது நீங்கள் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. மறுநாள் கடைக்காரர் வந்து மானிட்டருக்கு அடியில் இருக்கும் பொத்தானை இரண்டு அழுத்து அழுத்தினார், படம் வந்துவிட்டது. எந்த ஒயரிலிருந்து படத்தை எடுக்கவேண்டும் என்று அதற்குச் சொல்லவேண்டுமாம். சின்ன விஷயம்தானாம்.

அடுத்த ஞாயிறு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் உங்கள் பக்கம் நடந்ததுதான் தெரியும். திரை பளிச்சென்று இருந்தது, உங்கள் குரல் கணீரென்று வந்தது, உங்களை மட்டும் காணோம். செல்போனில் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர், "அண்ணன் ரெண்டாவது ஸ்கிரீன்ல இருக்காருக்கா" என்றார். "எங்க வீட்ல ஒரு ஸ்கிரீன்தானே இருக்கு?" "ஆமா, ஒண்ணுதான் இருக்கு. ஆனா ரெண்டு ஒயர் போட்டிருக்கோம்ல, அதனால கம்ப்யூட்டர் ரெண்டு ஸ்கிரீன் இருக்கறதா நெனச்சுக்கிட்டு அண்ணனை அந்த இன்னொண்ணுல கொண்டுபோய் வச்சிருக்கு. வலது பக்கமா." மவுசை நகர்த்திப் பார்த்தேன். அம்புக்குறி வலது ஓரம் வரை போய், அதையும் தாண்டிப் போய் மறைந்துவிட்டது. அங்கே போகத் தெரிந்திருக்கிறது அதற்கு. நான் என்ன செய்வேன்? வலது பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். "எதுக்குடி சுவத்தப் பாத்துப் பேசிட்டிருக்க?" என்று கேட்டீர்களே, "நீங்க அங்கதாங்க இருக்கீங்க" என்று நான் சொன்னதும் வெல்டர் தம்பி கூடச் சிரித்தார். சிரிக்கட்டும். கடைக்காரர் வருவதற்குப் புதன்கிழமை ஆகிவிட்டது. அதுவரை டைப் அடித்துக் களைத்துப் போகும்போதெல்லாம் அந்த அம்புக்குறியை வலது ஓரம் தாண்டித் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே விட்டுவைப்பேன். இதை மாமாவிடம் சொல்லவில்லை.

கடைக்காரர் வந்து ஒரு ஒயரைப் பிடுங்கி எறிந்தார். மூன்றாவது ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். எப்படி வந்தீர்கள் தெரியுமா? திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வந்தீர்கள். கன்னம் இரண்டும் உப்பி, தோள் விரிந்து, கல்யாணத்தன்றுகூட நீங்கள் அவ்வளவு பூரிப்பாக இல்லை. "உடம்பு தேறியிருக்கீங்க" என்றேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, இங்க சாப்பாடெல்லாம் பிரமாதம்" என்றீர்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மலைக் காத்தை! இத்தனை வருஷம் ஊட்டி ஊட்டி வளத்தும் இவன் உடம்புல ஒட்டினதே இல்ல" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு நான் திரையிலிருந்து செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அவர், "நல்லா சதை போட்டிருக்காரே, எதுக்கும் சுகர் பாக்கச் சொல்லுங்க" என்றார். வயிற்றெரிச்சல் என்று எண்ணிக்கொண்டேன். ஒரே ஒரு குறை, மூலையில் சின்னதாகத் தெரிந்த என் முகமும் அகலமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன். எழுத்தெல்லாம் கூடக் குட்டையாய், தடியாய்த் தெரிந்தது. புது மானிட்டர் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

தீசிஸ் மாணவிதான் வந்து கத்தினாள். "அக்கா, நான் வட்டமா வரைஞ்சதெல்லாம் இங்க முட்டை முட்டையா இருக்கு!" மறுபடியும் கடைக்காரர். மறுபடியும் சின்ன விஷயம்தான். போன தடவை அவசரத்தில் புது ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழையதை விட்டுவிட்டாராம். பழைய ஒயர் பழைய மானிட்டருக்கான குறுகலான படத்தைக் கொடுக்க, புது மானிட்டர் அதைத் தன் அகலத்துக்கு இழுத்து விரித்துக் காட்டியிருக்கிறது. புது ஒயரைச் செருகி அளவையும் மாற்றினார். முட்டையெல்லாம் வட்டமாயிற்று, எழுத்தெல்லாம் ஒல்லியாயிற்று. எனக்கும் சந்தோஷம், அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன். என் மரமண்டைக்கு அதற்கு மேல் ஒன்றும் உறைக்கவில்லை.

போன ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். அதே சிரிப்பு, அதே கட்டம் போட்ட சட்டை. கன்னத்தைத்தான் காணோம். கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் என் கையே போகும்போல இருந்தது. கண் உள்ளே போயிருந்தது. எவ்வளவு பெரிய திரை, எவ்வளவு துல்லியம், எல்லாம் தெரிந்தது. "என்ன, பேச்சையே காணோம்?" என்றீர்கள். "படம் நின்னுபோச்சுங்க" என்றேன். "நீ அசையறது எனக்குத் தெரியுதே." "இங்கதாங்க நின்னுபோச்சு." மாமா அன்றைக்கு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தானே தள்ளிப் போய்விட்டார். நீங்கள் போன பிறகு கடைக்காரருக்கு அவரே போன் போட்டார். "போன வாரம் பையன் நல்லா இருந்தான். நீ வந்து என்னமோ பண்ணிட்டுப் போயிட்ட. பழையபடி வச்சுக் குடு." "ஐயா, இப்பதான் எல்லாம் கரெக்டா இருக்கு." "எனக்குக் கரெக்டா வேணாம்ப்பா. முன்ன மாதிரி வேணும்." கடைக்காரர் உடனே வந்தார். விஷயத்தைக் கேட்டார். மானிட்டரைத் தொடவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இது சின்ன விஷயம் என்று சொல்லாமல் எழுந்து போனார்.

சரி, கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். காய்ச்சல் வந்ததா? வந்து எத்தனை நாள் ஆகிறது? பிரமாதமான சாப்பாடு என்றீர்களே, அதைத் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அதற்கும் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கிறதா? நான் உடம்பு தேறியிருக்கிறீர்கள் என்று சொன்னபோது, இவள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதானே ஆமா போட்டீர்கள்? எனக்குத் தெரியாதா உங்களை?

இதற்காகப் பதறியடித்துக்கொண்டு லீவு போட வேண்டாம். சுரங்கம் முடியும்வரை இருந்து, எடுத்த வேலையை முடித்துவிட்டே வாருங்கள். எனக்குத் தலைக்கு மேல் டைப்பிங் வேலை இருக்கிறது, உங்களை நினைக்க நேரமே கிடையாது. மாமா தைரியமாக இருக்கிறார். நானும் அப்படியே. வேளைக்குச் சாப்பிடுங்கள், கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள், ஞாயிறுதோறும் முகத்தைக் காட்டுங்கள், அது போதும். வெல்டர் தம்பியையும் அவர் வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மாமா தம் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னார், நீங்கள் நூறாண்டு வாழ்ந்து குண்டாக வேண்டுமாம்.

இப்படிக்கு,
கவலை என்று எதுவும் இல்லாத,
உங்கள் மனைவி.

பின்குறிப்பு: மேலே லீவு போட வேண்டாம் என்பதிலிருந்து கவலை இல்லை என்பது வரை எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். மாமா பெட்டியைத் திறந்து வைத்து ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "நீ போற எடத்துக்குத்தான்" என்றார். நான் எங்கேயாவது போகிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, என் கைப்பையில் வருகிறது. பஸ் ஏறினால் மறுநாள் காலை உங்கள் மலையடிவாரமாம். அங்கே தங்க இடம் இல்லை, குளிர் தாங்காது என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், நான் கேட்கப் போவதில்லை. இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்கள் படிக்கிற நேரம் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் அல்லவா, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. படித்தாயிற்றா? தலையை நிமிர்த்துங்கள். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.