மாட்ரிட்டுக்கு ஐந்து கைகள்

"ஸ்பெயின் தேசத்தின் தலைநகரம் எது?"

கனகவல்லியிடம் ஒருவர் கேட்ட கேள்வி இது. கேட்டவர் பள்ளி ஆய்வாளர். இடம், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு. கனகவல்லிக்கு விடை தெரியும். ஆனால் நாக்கு நுனிவரை வந்த மாட்ரிட், ஆய்வாளரின் மீசையைக் கண்டதும் திரும்பித் தொண்டைக்குள் போய்விட்டது. ஆய்வாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் கனகவல்லியின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அப்பா, "படிச்சது போதும்" என்றார்.

உலக சரித்திரத்தில் மாட்ரிட்டின் இடம் மகத்தானது. இரண்டாம் பிலிப் மன்னன் 1561-இல் தன் அரசவையை அங்கே கொண்டுபோனதையும், நெப்போலியனின் படையை எதிர்த்து அந்த ஊர் ஜனங்கள் தெருவில் இறங்கியதையும் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. ஒரு பெண்ணின் படிப்பை ஒரே கேள்வியில் முடித்துவைத்த அதன் சாதனையை மட்டும் சரித்திர ஆசிரியர்கள் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கனகவல்லியின் மௌனம் அவளைவிட வேகமாக முன்னேறியது. பெண் பார்க்க வந்தவர்கள் அதற்கு 'அடக்கம்' என்று பெயர் வைத்தார்கள். "பையனைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டபோது அது 'சம்மதம்' ஆயிற்று. மாப்பிள்ளை சுந்தரராஜன் மேற்கு ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில், ஓர் இயந்திரக் கம்பெனியில் எஞ்சினியர். அங்கே போனபின் அவள் மௌனத்துக்குக் கிடைத்த பதவிதான் மிகப் பெரியது. அது 'கோரம்' ஆயிற்று.

டார்ம்ஸ்டாட் தமிழர் அறிவு வளர்ச்சிக் கழகத்தைப் பற்றி அறியாதவர்கள் இருக்கலாம். அது அவர்கள் குற்றம். கழகத்தின் தலைவர் நடேசன், சிமென்ட் ஏன் இறுகுகிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாக ஆராய்கிறவர். கழகத்தின் சட்டதிட்டங்களை எழுதியதும் அவரே. அவையும் நன்றாக இறுகிவிட்டிருந்தன. ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம்; அந்த எண்ணிக்கைக்குத்தான் 'கோரம்' என்று பெயர். நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் கூட்டம் கலைந்ததாகப் பொருள். அன்று நடந்த எதுவும் செல்லாது. விதி பதினாலு.

இவ்வளவு நுட்பமான விதியை எழுதி முடித்தபிறகுதான் ஊரில் நான்கு தமிழர்களே இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. விதியைத் திருத்தலாமே என்றால், திருத்துவதற்கு ஐந்து பேர் வேண்டும். ஆகவே கனகவல்லி முழு உறுப்பினர் ஆக்கப்பட்டாள். பெண்களுக்கு இப்படி ஒரு மரியாதையை எந்தச் சங்கம் செய்திருக்கிறது? கூட்டம் சுந்தரராஜன் வீட்டில் நடக்கும். அவள் அடுப்படியில் போண்டா போட்டுக்கொண்டிருப்பாள். "சமையலறைக் கதவு திறந்திருக்கிறவரைக்கும் அதுவும் மன்றம்தான்" என்று தலைவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். செயலாளர் சிதம்பரம் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும், 'திருமதி கனகவல்லி மௌனமாக ஆதரித்தார்' என்று எழுதுவார்.

1966 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் காப்பி கொடுக்கும்போது கனகவல்லி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, சாயந்திரம் ஸ்டேஷனுக்குப் போகணும். மேல்வீட்டு என்கார்னா ஊருக்குப் போறா. பாக்டரியில ஆளைக் குறைச்சுட்டாங்களாம். இனிமே வரமாட்டா."

"இன்னிக்கா? இன்னிக்கு மீட்டிங் ஆச்சே!"

"ஆறரைக்கு ரயிலு. வழியனுப்ப வர்றேன்னு சொல்லிட்டேன்."

"அஞ்சரைக்கெல்லாம் முடிஞ்சுடும். கோபாலன் பேசறார். 'சரித்திரம், கலை, விளையாட்டு: மூன்று துறைகளில் மாட்ரிட்'."

"அவளும் மாட்ரிட்தாங்க."

"அப்படியா?" என்றார் சுந்தரராஜன். "போண்டா கொஞ்சம் கூடவே போடு."

என்கார்னா யாரென்று சொல்லவேண்டும். கனகவல்லி வந்து சேர்ந்தது ஒரு ஜனவரியில். மறுநாள் விடியலில், ஊர் வழக்கப்படி, வாசலில் தண்ணீர் தெளித்தாள். கோலமாவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வருவதற்குள் வாசல் உறைந்து கண்ணாடியாகிவிட்டது. ரொட்டி வாங்கக் கிளம்பிய வீட்டுக்காரக் கிழவர் அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்த நிலையில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார். மேல்மாடியிலிருந்து உப்புப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள் ஒருத்தி. பனி உருக வாசலெல்லாம் உப்பைத் தூவினாள். "ராத்திரி மழை!" என்று உடைந்த ஜெர்மனில் கிழவரிடம் அடித்துச் சொன்னாள். கிழவர் தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அதன்பிறகு இரண்டு பெண்களும் மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

அன்றிலிருந்து, வாரம் ஒரு வீடாக மாடிப்படி துடைக்கும் முறை யாருடையதாக இருந்தாலும் இருவரும் சேர்ந்தே துடைத்தார்கள். கனகவல்லி தமிழில் பேசுவாள், என்கார்னா ஸ்பானிஷில் பேசுவாள், இடையிடையே உருளைக்கிழங்கு, சோப்பு என்று ஓரிரு ஜெர்மன் வார்த்தை. அந்த ஊரில் கனகவல்லி வாயைத் திறந்து பேசிய ஆள் அவள் ஒருத்திதான். நிறுத்தாமல் பேசினாள்.

கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. சிதம்பரம் வரவேற்றார். தலைவரை வரவேற்றார், பேச்சாளரை வரவேற்றார், சுந்தரராஜனை அவர் வீட்டுக்கே வரவேற்றார். தலைவர் நடேசன் தலைமையுரையில், நேரம் பொன்னானது என்பதை ஒரு மணி நேரம் விளக்கினார். பிறகு கோபாலன் எழுந்தார். அவர் மாட்ரிட்டுக்குப் போனதில்லை. ஆகவே பாரபட்சமில்லாமல் பேசமுடிந்தது. நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் 'எம்' எழுத்துத் தொகுதியை முழுக்கப் படித்திருந்தார். நடுநடுவே மலேரியாவும் மாம்பழமும்கூட வந்தன.

"விளையாட்டுக்கு வருவோம்" என்றார் கோபாலன். "1960-ல யூரோப்பியன் கப் பைனல். ரியல் மாட்ரிட், நம்ம பக்கத்து ஊர் பிராங்க்ஃபர்ட் டீமை ஏழுக்கு மூணுன்னு அடிச்சது!"

"மெதுவா, மெதுவா" என்றார் சுந்தரராஜன், ஜன்னலைப் பார்த்து. "எங்க ஆபீஸ்ல இன்னும் அதைப் பத்திப் பேசமாட்டாங்க."

தலைவர் கையை உயர்த்தினார். "மினிட்ஸ்ல ஏழுன்னு போடவேண்டாம், சிதம்பரம். நாம இருக்கிற நாடு. 'சில கோல்கள்'னு போடுங்க."

"மூணையும் 'சில'ன்னு போடலாமா சார்?"

"போடுங்க. டிராவா இருந்துட்டுப் போகட்டும்."

காளைச் சண்டைக்கு வந்ததும் சிதம்பரத்தால் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியவில்லை. அவர் மதுரைக்காரர். "அது நம்ம ஜல்லிக்கட்டு சார். இங்கேருந்து போனதுதான்."

"ஆதாரம்?"

"மாடு இருக்கே சார். அதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

கனகவல்லி அடுப்படியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சரை தாண்டியிருந்தது. மாட்ரிட்டின் ஓவியக்கூடம் இன்னும் தொடங்கவேயில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. என்கார்னா. கம்பளிக் கோட்டு, தலையில் கட்டிய துணி, கையில் கயிறு சுற்றிய பெரிய பெட்டி. கனகவல்லியைத் தேடி வந்திருந்தாள். கோபாலன்தான் கதவைத் திறந்தவர். இரண்டு கேள்வியில் விஷயத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே திரும்பிக் கூவினார்: "தலைவர் அவர்களே, மாட்ரிட்டே நேரில் வந்திருக்கிறது!"

அறிவு வளர்ச்சியில் இது ஒரு பொன்னாள். என்கார்னாவை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். கழகத்திடம் ஒரே ஒரு பொன்னாடை உண்டு. போர்த்துவார்கள், கைதட்டுவார்கள், அடுத்த கூட்டத்துக்கு மடித்துவைப்பார்கள். இதுவரை அது தங்கள் நால்வருக்கே மாறி மாறிக் குளிர் போக்கிவந்தது. இன்று முதன்முறையாக ஓர் அந்நியத் தோளைக் கண்டது.

"பிராடோ ஓவியக்கூடத்துக்கு எத்தனை முறை போயிருக்கிறீர்கள்?" என்று கோபாலன் ஜெர்மனில் கேட்டார்.

"போனதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பேன்."

"காளைச் சண்டை?"

"டிக்கெட் விலை அதிகம்."

"ரியல் மாட்ரிட்?"

"எங்க வீட்டில் எல்லாரும் எதிர் டீம், அட்லெட்டிகோ கட்சி" என்று சொல்லி, என்கார்னா தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

கோபாலனின் முகம் வாடியது. கலைக்களஞ்சியத்துக்கும் இந்த அம்மாளுக்கும் எந்த இடத்திலும் ஒத்துப்போகவில்லை. தமிழில் தாழ்ந்த குரலில், "இவங்க ஒரிஜினல் மாட்ரிட்தானா சார்?" என்றார்.

"பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றார் சிதம்பரம்.

"விருந்தாளியைச் சந்தேகப்படக் கூடாது" என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "அவங்களுக்குத் தெரியலைன்னா, நாம சொல்லித் தருவோம். ஓவியக்கூடத்தை ஆரம்பியுங்க கோபாலன்."

கோபாலன் ஆரம்பித்தார், தமிழில். என்கார்னா கனகவல்லியைப் பார்த்தாள். கனகவல்லி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கணவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, ரயிலு."

"இது முடிஞ்சா தீர்மானம் மட்டும்தான் பாக்கி. நீ எழுந்து போனா கோரம் போயிடும்."

"அவ போயிடுவாளே."

"அவங்க மெம்பர் இல்லையே. தாராளமாப் போகலாம்."

அன்றைய கூட்டத்திலேயே சட்ட நுணுக்கம் மிகுந்த வாக்கியம் இதுதான்.

ஓவியக்கூடம் முடிந்தது. ஆறு அடித்தது. தலைவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, தீர்மானத்தைப் படித்தார்: "ஸ்பெயின் தேசத்தின் தலைநகரமாம் மாட்ரிட் மாநகரின் மக்களோடு இக்கழகம் என்றும் முறியாத நட்புறவு பூணுகிறது."

"'என்றும்' போதாது" என்றார் கோபாலன். "'என்றென்றும்' வேணும்."

"நாற்பது மார்க் சந்தாவை வச்சுக்கிட்டு என்றென்றுமா?" என்றார் சிதம்பரம்.

விவாதம் சூடுபிடித்தது. நட்பின் காலவரையறை பற்றி நால்வரும் இருமுறை பேசினார்கள். என்கார்னா மேஜைக்கு அடியில் குனிந்து தன் பெட்டியை இழுத்தாள். தலைவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, ஜெர்மனில், "கொஞ்சம் உட்காருங்கள். உங்களோடு நட்புக் கொள்ளப்போகிறோம்" என்றார்.

இறுதியில் 'என்றென்றும்' வென்றது.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்" என்றார் தலைவர்.

நான்கு கைகள் உயர்ந்தன. ஒரு கை தூக்கியிருக்க, மறு கையால் சிதம்பரம் எழுதத் தொடங்கினார். 'திருமதி கனகவல்லி மௌனமாக' என்று எழுதி, அடுத்த சொல்லுக்காக மையைத் தொட்டார்.

கனகவல்லி அடுப்பை அணைத்தாள். இருந்த போண்டாக்களையெல்லாம் செய்தித்தாளில் சுற்றினாள். புடவைக்குமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து, என்கார்னாவின் பெட்டியில் தளர்ந்திருந்த கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் என்கார்னா.

"கனகவல்லியம்மா! விதி பதினாலு!" என்றார் தலைவர்.

"ஒரே நிமிஷம்மா, நட்பு நிறைவேறிடும்!" என்றார் கோபாலன்.

"சார், பொன்னாடை! பொன்னாடை போகுது!" என்றார் சிதம்பரம்.

யாரும் கையை இறக்கவில்லை. இறக்கினால் ஓட்டுப் போய்விடும். சுந்தரராஜனின் கை மட்டும் பாதி இறங்கி, அங்கேயே தயங்கி நின்றது.

மாட்ரிட்டோடு டார்ம்ஸ்டாட் தமிழர்களுக்கு இருந்த ஒரே நட்பு, பெட்டியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போயிற்று.