வேணாமுக்கு ஒரு வடை

மட்டக்களப்பு வாவியைச் சுற்றிச் சோற்றால் தொந்தி வைத்தவர்கள் எத்தனையோ பேர். நிராகரிப்பால் தொந்தி வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: பைப் பாஸ்டர்.

பாஸ்டர் என்பது தெரு கொடுத்த பட்டம். தொழில், தண்ணீர்க் குழாய் திருத்துவது. திருத்தப் போன வீட்டில் இயேசுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் திரும்ப மாட்டார். யாராவது “வேணாம்” என்றால், “சந்தோசம்” என்று சொல்லிவிட்டு நேரே சந்தியிலுள்ள, எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஓர் உழுந்து வடை தின்பார்.

“மனசு நோகாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நோகும் தம்பி. அந்த நோவோட அடுத்த வீட்டுக்குப் போனா வாயில சுள்ளெண்டு வந்திரும். வடை திண்டுட்டுப் போனா வராது.”

புளியந்தீவில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர், பிள்ளையார் கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர். அவர் தலை நிறையச் சவர்க்காரத்தோடு குளித்துக்கொண்டிருந்தபோது, குசினிப் பைப்பைத் திருத்த வந்த பாஸ்டர் தண்ணீரை நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு விடவில்லை. குளியலறைக் கதவோரம் நின்று பேசவும் தொடங்கிவிட்டார்.

“டேய், ஏத்துக்கிறன்டா! கண் எரியுது, தண்ணியத் திற!”

தண்ணீர் உடனே வந்தது. “சவர்க்காரத்தில எடுத்த முடிவு செல்லாதையா. கழுவிட்டு, யோசிச்சுச் சொல்லுங்க.”

வண்ணக்கர் கழுவினார். யோசித்தார். “வேணாம்.”

“சந்தோசம் ஐயா.” நேரே வடை.

இப்படியே தின்று தின்று பாஸ்டருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றிவிட்டது. காக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்ணக்கரிடம் ஓடி வந்தார்.

“ஐயா, டொக்டர் வடைய நிப்பாட்டச் சொல்லிட்டாரு. நான் குடுக்காட்டி மனிசன் வேற கடைக்குப் போறாரு. உங்கட தெரு ஆக்கள் ‘வேணாம்’ எண்டு சொல்லாம இருந்தா நல்லம்.”

வண்ணக்கரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மறுநாளிலிருந்து தெரு முழுவதும் ஒரே பதில்: “யோசிச்சுச் சொல்றம்.”

பாஸ்டர் மெலிந்தார். முகம் பளபளத்தது. ஒரு சனிக்கிழமை, சின்ன லொறி நிறையப் பிளாஸ்ரிக் கதிரைகளோடு வந்து இறங்கினார்.

“எங்கட சபைக்கு. தெருவே வரப்போகுது, இருக்க இடம் வேணுமே!”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வண்ணக்கர்தான் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“தம்பி, நாங்க பொய்தான் சொன்னம். எனக்கு என்ர பிள்ளையார் போதும். நீ சொல்றது வேணாம். ஆனா நீ செத்துப் போகக் கூடாது.”

பாஸ்டர் ஒரு கதிரையை இறக்கிப் போட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார்.

“வேணாம் எண்டு சொல்ற ஆக்களுக்கெல்லாம் என்னையும் பிடிக்காது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன் ஐயா.”

இப்போது பின்னேரங்களில் இருவரும் வாவிக் கரையால் நடக்கிறார்கள். டொக்டரின் கட்டளை. ஒருவர் இயேசு என்பார், மற்றவர் பிள்ளையார் என்பார். சத்தம் பாலம் வரை கேட்கும். இதுவரை யாரும் வென்றதாகத் தகவல் இல்லை.

அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நானும் நடக்கிறேன். எனக்குச் சீனி வருத்தம் ஒன்றும் இல்லை.