பெண் பார்க்கப் போய் வாட்ச் பார்த்தேன்

என்னைக் கவனக்குறைவானவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளனாக இருந்தேன். உதிரிபாகத்தில் தலைமுடி அளவு கனம் கூடியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான், இரண்டடி தூரத்தில் வந்து நின்ற ஒரு முழுப் பெண்ணைப் பார்க்காமல் விட்டேன். அதுவும், பெண் பார்க்கவென்றே போன இடத்தில்.

காரணம், ஒரு வாட்ச்.

எண்பதுகளின் கடைசி அது. ஊரே பேட்டரி வாட்ச்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. தினமும் யார் சாவி கொடுப்பது என்று அலுத்துக்கொண்டு பழைய ஸ்விஸ் வாட்ச்சுகளைக் கழற்றிப் போட்டார்கள், நான் பொறுக்கிக்கொண்டேன். கரையான்சாவடியில் ஒரு ரிப்பேர்க் கடைக்காரர் எனக்கென்றே எடுத்து வைப்பார். அவற்றில் என்னை மயக்கியது முன்பக்கம் அல்ல. பின்மூடியைத் திறந்தால், வாங்குகிறவன் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு சக்கரத்தையும் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். மூடியின் உட்புறத்தில், இதுவரை பழுது பார்த்தவர்கள் ஊசியால் பொடிப்பொடியாகக் கீறிவைத்த தேதிகள் வேறு இருக்கும். (தினமும் டைரி எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?)

பெண் வீடு ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். பெண்ணின் அப்பாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முகப்பேரிலிருந்து அம்மாவும் நானும் தரகரும் போயிருந்தோம். இது எனக்கு ஆறாவது பெண். இதுவும் நடக்காவிட்டால் இனி யார் வீட்டுக்கும் வரமாட்டேன் என்று பஸ்ஸிலேயே அம்மா சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்த மூன்றாவது நிமிடம், பெண்ணின் அப்பா மின்விசிறி சுவிட்சைப் போடக் கையை நீட்டினார். சட்டைக் கை மேலேறியது. மெல்லிய வாட்ச். டயல் பழுப்பேறி, நாட்டுச் சர்க்கரை நிறத்துக்கு வந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்ததாம். கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். மறுக்க முடியாத இடத்தில் இருந்த அந்த நல்ல மனிதர் கழற்றிக் கொடுத்தார்.

பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் சட்டைப்பையில், வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் இருந்தது. (பெண் பார்க்கப் போகிறவன் எதற்கு லென்ஸ் கொண்டு போனான் என்று என் மாமியார் பல வருடம் கேட்டார்.) அதைக் கண்ணில் செருகிக்கொண்டேன். பழத்தட்டில் ஆப்பிள் நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்தேன். ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பின்மூடியை நெம்பித் திறந்தேன்.

உள்ளே நான் எதிர்பார்த்ததைவிட அழகு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி நீண்டது. நிமிராமலே சொன்னேன்:

“ஆவி படும். தள்ளி வைங்க.”

டம்ளர் பின்வாங்கியது. கொலுசுச் சத்தம் உள்ளே போனதை நான் வேலைக்காரி போகிறாள் என்றுகூட எண்ணவில்லை, எதையுமே எண்ணவில்லை.

பெண் எப்படியடா என்று பஸ் ஸ்டாப்பில் அம்மா கேட்டபோதுதான் நான் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது; நன்றாயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். அன்றைய டைரியில் வாட்ச்சைப் பற்றிப் பதினொரு வரி இருக்கிறது. பெண்ணைப் பற்றி: “காபி நன்று.”

நான்காம் நாள் தரகர் வந்தார். கைக்குட்டையில் சுற்றிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். அதே வாட்ச்.

“நீ பொண்ணு பாக்கப் போனியா, ரிப்பேருக்குப் போனியா தம்பி? வாட்ச்சு மேல உனக்கு ஆசைன்னு பொண்ணோட அப்பா நெனச்சிகினாரு. சீர்ல சேத்துக்கச் சொல்லி முன்னாடியே குடுத்துட்டாரு. பொண்ணுதான் ஒரே கோவம், காண்டா கீது.”

அப்போதுதான் உறைத்தது. வைத்துக்கொண்டால், பெண்ணின் அப்பா கையிலிருந்ததையே கழற்றி வாங்கியவன். திருப்பி அனுப்பினால், சீரைத் திருப்பியவன். அதாவது பெண் வேண்டாம் என்றவன். தரகர் கையில் கொடுத்தனுப்பினால் எதுவும் தெளிவாகாது. ஞாயிற்றுக்கிழமை நானே ஆவடிக்குப் போனேன்.

வாசலில் ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் தோளுயரம்தான் இருப்பாள். சார் இருக்கிறாரா என்று கேட்டேன். குளிக்கிறார் என்றாள். அவர் மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன்.

அவள் துணியை உதறுவதை நிறுத்தினாள். “அந்தப் பொண்ண நீங்க பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேனே.”

“எப்டி இருக்கும்?”

“நல்லா… அடக்கமா. கொஞ்சம் உயரமா.”

“அப்ப நான் இல்ல போல” என்றாள்.

பருத்திப்பட்டு ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. அன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை என்பதையும், எனக்கு வேண்டியிருந்தது வாட்ச் அல்ல, அதன் உள்பக்கத்தை ஒருதரம் பார்ப்பதுதான் என்பதையும், மூடியில் கீறியிருந்த தேதிகள் உட்பட, ஒரு நிமிடம் உளறினேன். பிறகு பொட்டலத்தை நீட்டினேன்.

“இது வேணாம்.”

“நானு?”

முதல் தடவையாகப் பார்த்தேன். சோப்பு நுரை காதோரம் ஒட்டியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோபமாக இருப்பதுபோல் நின்றாள். வேண்டும் என்பதுபோல் தலையாட்டினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு அவள் அப்பா வெளியே வந்தார். அவள் வாட்ச்சை அவர் கையில் வைத்தாள்.

“கட்டிக்கோங்கப்பா. அவருக்கு இது வேணாமாம்.”

அவர் முகம் வாடியது. துண்டு தலையிலேயே நின்றுவிட்டது.

“நாந்தான் வேணுமாம். இப்பதான் பாத்தாரு.”

அவர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். எது பெரியது என்று அளந்திருந்தால் என்னுடையதுதான். “காபி குடிக்கியளா தம்பி?” என்றார். அன்று ஆவி பறக்கப் பறக்கக் குடித்தேன். நாக்கு வெந்தது.

அடுத்த ஆவணியில் கல்யாணம். இன்று என்னிடம் பதினேழு வாட்ச்சுகள் இருக்கின்றன. அவள் ஒன்றையும் ஆட்சேபித்ததில்லை. ஆனால் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், நான் மனைவியை அறிமுகப்படுத்துவதற்கு முன்னால் என் மகள் முந்திக்கொள்கிறாள்.

“அப்பா பாக்கப் போனது உயரமான பொண்ணு, அங்கிள். அவங்க இன்னும் கெடைக்கல. அதுவரைக்கும் அம்மா பாத்துக்கிறாங்க.”