மொட்டைக் கடிதத்துக்கு நன்றி தெரிவித்து

அனுப்பம்பட்டில் கட்சிக் கொடியும் கரை வேட்டியுமாக விளங்கும் மச்சான் சம்பந்தம் அவர்களுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து செங்கல்வராயன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை பச்சையம்மாவும் சுகம். அங்கே உங்கள் ரத்தக்கொதிப்பு தேவலையா? இதைப் படித்தால் எகிறும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

விஷயம் என்னவென்றால், நம் பிரசாந்துக்குப் பாடு கிடைத்துவிட்டது! முப்பத்தோரு வயதில் என் பிள்ளை ஏரியில் பங்குக்காரன். வலையை விட்டுக் கட்சிக்குப் போய் இருபது வருஷமான உங்களுக்கு மறந்திருக்கும் என்பதால் சொல்கிறேன்: ஏரியில் எறா பிடிக்கும் இடங்களை ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரிப்பதுதான் பாடு. கல்யாணமான ஆம்பிளைக்குத்தான் அதில் பங்கு, ஒண்டிக்கட்டைக்குக் கிடையாது. நம் பையனோ ஐஸ் பேக்டரி வின்சென்ட்டோடு நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறான். ஊர் முதலில் சிநேகிதம் என்றது, அப்புறம் கண்ணைச் சிமிட்டியது, போன தை மாதம் நீங்கள் மேடையேறி மைக்கைப் பிடித்து, "இந்த மாதிரி ஆளுங்களாலதான் நாடு கெட்டுப்போச்சு"ன்னு முழங்கினீர்கள் பாருங்கள், அதற்கப்புறம் குழாயடியில் பச்சையம்மாவின் குடத்துக்குப் பக்கத்தில் எவளும் குடம் வைக்கவில்லை. இந்த நிலைமையில் பிரசாந்த் பாடு கேட்டுக் கூட்டத்தில் நிற்கிறான், வின்சென்ட் வேலிக்கு வெளியே நிற்கிறான், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

தலைவர் மாசிலாமணி நோட்டைப் புரட்டி, "உனக்குத்தான் கல்யாணம் ஆவலியேப்பா, பாடு எப்படி குடுக்கறது?" என்றார். "கோர்ட்டே குத்தம் இல்லன்னுடுச்சே"ன்னு ஒருத்தன் சொல்ல, "கல்யாணம்னும் சொல்லலியே"ன்னு இன்னொருத்தன் மடக்க, சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தலைவர் மடியிலிருந்து உங்கள் மொட்டைக் கடிதத்தை எடுத்தார். மச்சான், மொட்டைக் கடிதம் எழுதுகிறவர் வெறும் தாளில் எழுதக்கூடாதா? உங்கள் போட்டோ போட்ட பொங்கல் வாழ்த்து நோட்டீஸின் பின்பக்கத்திலா எழுதுவது? தலைவர் உரக்கப் படிக்கிறார், இந்தப் பக்கம் நீங்கள் பல்லைக் காட்டி ஊரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "மேற்படி பிரசாந்த், வின்சென்ட் என்பவனோடு ஒரே சட்டியில் பொங்கித் தின்று, புருஷன் பெண்டாட்டி போலவே குடித்தனம் நடத்துவதை ஊரே அறியும். ஆகையால் அவனை ஊரை விட்டு விலக்க வேண்டும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எழுந்துவிட்டேன். "இன்னா தலைவரே! பாடு கேட்டா கல்யாணம் ஆவலன்றீங்க. ஊரை வுட்டுத் தள்ளணும்னா குடித்தனம் நடத்துறான்றீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. குடித்தனம் இல்லன்னா எதுக்குத் தள்ளணும்? குடித்தனம்னா எடுங்க சீட்டை!"

வலைக்கார வேலுதான் முதலில் சிரித்தான், "கடுதாசியே சாட்சி சொல்லுதே தலைவரே!" தலைவர் நோட்டீஸைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். நோட்டில் 'கல்யாணமான' என்றுதான் இருக்கிறது, யாரோடு என்று எழுத நம் முப்பாட்டன்களுக்குத் தோன்றவில்லை. பெயர் ஏறியது. தில்லியில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து எங்களால் ஆகாது என்று கைவிரித்த வழக்கை, அம்மன் கோயில் வாசலில் அரைமணி நேரத்தில் முடித்தோம். சீட்டு குலுக்கினால், எறா அள்ளிக் கொட்டும் முகத்துவாரத்துப் பக்கத்து இடமே விழுகிறது! வேலிக்கு வெளியே பச்சையம்மா விசிலடித்தாள். முப்பத்தைந்து வருஷமாகக் கூட வாழ்கிறேன், அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே, தாங்கள் வரைந்த கடிதத்துக்கு எங்கள் நான்கு பேரின் நன்றி. கங்கையம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைய வெற்றுத் தாளும் அருளட்டும். இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாடுகாரன் பிரசாந்தின் நைனா,
செங்கல்வராயன்

பி.கு.: மேலே உள்ளதை பச்சையம்மா படித்துவிட்டாள், கவரை ஒட்ட சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். இனி நமக்குள். பங்குனியில் உங்கள் வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டே அந்தக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவன் நான்தான் என்று உயிரே போனாலும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஊர் விலக்கினால் நான் விலக்கியதாக ஆகாது என்று நினைத்தேன், மச்சான். என் வார்த்தை தலைவர் வாயில் வந்தபோது பிள்ளை யாரையும் பார்க்கவில்லை, 'நைனா இருக்காரு' என்கிற மாதிரி என்னைத்தான் பார்த்தான். வெட்கத்தில் எழுந்தவனை ஊர் வீரன் என்கிறது. நேற்று பிள்ளை, பாடு கிடைத்தபின் பிடித்த முதல் எறாவைப் பிரித்துக்கொண்டே, "அந்த லெட்டர் எழுதனவருக்கும் ஒரு பங்கு எடுத்து வை நைனா, அவராலதானே கெடச்சுது" என்று சிரித்தான். உங்கள் பங்கு இத்துடன் பஸ்ஸில் வருகிறது. என் பங்கை அவனே தட்டில் போட்டுக் கொடுத்தான்.