சங்கத்தின் கை

"குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து நிற்கலாம்" என்றார் நீதிபதி அம்மாள்.

மீன்பிடிச் சங்கம் மொத்தமும் எழுந்து நின்றது.

"எல்லாரும் எதுக்கு? வழக்கு சங்கத்து மேல. அதோட தலைவர் நின்னா போதும்."

எவாரிஸ்த் மட்டும் நின்றார். மற்றவர்கள் பெஞ்சு முனக உட்கார்ந்தார்கள்.

நடந்தது இதுதான். ஆற்றில் மீன் பெருகவேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட சங்கம், இந்த வருஷத்து விருந்துக்கு மட்டிச் சிப்பி வேகவைத்த அண்டாவைக் கழுவி, அந்தச் சோப்புத் தண்ணீரை ஓடையில் கொட்டி, அதில் தான் விட்ட மீன்குஞ்சுகளைத் தானே கொன்றுவிட்டது. மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் ஆளைப் போலவே சங்கத்தையும் கூண்டில் ஏற்றலாம். தண்டனை விழுந்தால் தூண்டில் போடும் உரிமை பறிபோகும். அப்புறம் சங்கத்துக்குப் பூட்டுதான்.

அந்தச் சங்கம் இல்லையென்றால் எவாரிஸ்த் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். சில வருஷங்களுக்கு முன் மனைவி மார்த் இறந்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவரைக் கிளப்பி ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தவர்கள் இவர்கள்தான். சூப்பை ஊட்டிவிடாத குறை.

அந்த நன்றியின் வேகத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "சங்கத்துக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கொட்டினது நான். என்னைத் தண்டிங்க!"

சங்கத்தின் வக்கீல் தெல்ஃபின் தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே! சாதாரண உறுப்பினர் கொட்டியிருந்தா அது அவரோட போயிருக்கும். தலைவர் சங்கத்துக்காகச் செஞ்சா, சங்கமே செஞ்ச மாதிரி. உங்க கைதான் சங்கத்தோட கை!"

"அப்ப இந்த நிமிஷமே ராஜினாமா!"

"இப்ப ராஜினாமா பண்ணி என்ன பிரயோஜனம்? கொட்டினப்போ தலைவர்தானே?" என்றார் நீதிபதி.

பொருளாளர் ஜெர்வேக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

"அவர் என்ன சொந்த லாபத்துக்கா கொட்டினார்? அழுக்குத் தண்ணியை எடுத்துட்டுப் போக வண்டி வெச்சா செலவாகும், சங்கத்துக்கு அது மிச்சமாகட்டும்னுதானே கொட்டினார்! தங்கமான மனுஷன்மா!"

"அடப்பாவி மனுஷா!" தெல்ஃபின் நாற்காலியில் சரிந்தாள். "சங்கத்துக்காகத்தான் செஞ்சார்ங்கிறது ஒண்ணுதான் பாக்கி இருந்துது. அதையும் நீங்களே நிரூபிச்சுக் கொடுத்துட்டீங்களா?"

ஜெர்வே ஒன்றும் புரியாமல், தான் நல்லது செய்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தார்.

எவாரிஸ்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னைத் தூக்கி நிறுத்தினவங்களை நானே கவுத்துட்டேனே" என்று உடைந்துபோனார். "உங்களுக்கெல்லாம் இந்த ஜென்மம் பூரா நன்றி சொன்னாலும் தீராது. அதுக்கு நான் பண்ணின கைம்மாறு இதுதானா?"

நீதிபதி பேனாவை எடுத்தார். கடைசி பெஞ்சில் ரொட்டிக்கடை உகெத் இத்தனை நேரமும் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா... தலைவரே, கோவிச்சுக்காதீங்க. மார்த்தை அடக்கம் பண்ணின வாரம் தேர்தல் நடந்துது இல்லையா, அதுல நீங்க தோத்துட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்க யாருக்குமே மனசு வரலை. அன்னையிலேருந்து தலைவர் நான்தான்."