லைன்மாமாவின் மூக்கு

"மாமா, பேட்டரி சைக்கிள்ல உசிரே இல்ல."

வாசலிலிருந்து மருமகள் குரல் கொடுத்ததும் லைன்மாமாவுக்குக் கை பரபரத்தது. மின்சார இலாகாவில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு கம்பங்களுக்குத்தான் கிடைத்தது, வீட்டுக்குக் கிடைக்கவில்லை. போன வாரம் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்று மெயின் சுவிட்சை அணைத்தார். மருமகள் அப்போது கணினியில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தாள். மனைவி தலை நிறைய ஷாம்பு நுரையோடு இருட்டுக் குளியலறையில் நின்றிருந்தாள். அதற்கு முன்பு மிக்ஸியைச் சரிசெய்தார். மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நிஜமான ஃபால்ட் ஒன்று வீடு தேடி வந்திருக்கிறது!

"ஆபீசுக்கு எப்படிம்மா போவே?"

"பஸ்ல போய்க்கறேன் மாமா. நீங்க அவசரமே படாதீங்க."

"சாயங்காலம் வண்டி ஓடலேன்னா நான் லைன்மேனே இல்ல!"

கேட்காமலே வாசலுக்குப் பாயும் டீயும் வந்தன. "வெளியில காத்தோட்டமா உக்காந்து நிதானமா பாருங்க" என்றாள் மனைவி. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு உபசாரத்தை அவர் கண்டதில்லை.

பக்கத்து வீட்டு வாத்தியார் மதில்மேல் எட்டிப் பார்த்தார். "முதல்ல ஃபியூஸைப் பாருங்களேன்."

"ஃபியூஸ் போனா தீஞ்ச வாசனை வரும் சார். தெருக்கோடியில போனாலே என் மூக்குக்குத் தெரியும். இதுல வாசனையே இல்ல. ஃபியூஸ் பத்திரமா இருக்கு."

மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. சரி, இணைப்புதான் கோளாறு என்று இருந்த வயரையெல்லாம் பிடுங்கி, ஞாபகத்தை நம்பித் திரும்பச் சொருகினார். அப்போதும் அசையவில்லை. பேட்டரியிலிருந்து மோட்டாரை இயக்கும் பெட்டிக்குத் தனியாக ஒரு வயரை நேராக இழுத்துக் கட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"வந்துடுச்சு!" என்று ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். சைக்கிள் ஜிவ்வென்று பின்னால் பாய்ந்து, கொடியில் காய்ந்த போர்வையோடு அவரைச் சுவரில் சாய்த்தது.

"ரிவர்ஸ் கியரும் வெச்சுட்டீங்களா?" என்றார் வாத்தியார்.

மறுநாள் மோட்டார் வயர்களை மாற்றினார். சைக்கிள் முன்னால் போனது. ஆனால் பிரேக்கைப் பிடித்தால் ஹார்ன் அடித்தது. அதையும் சரிசெய்தார். பிரேக் பிடிக்காமலே ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. தெருவே வாசலில் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் தான் கட்டிய வயரைத் தானே வெட்டினார். சைக்கிள் பழையபடி பிணமாக நின்றது.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கே வெளிச்சம் கொடுத்த கைக்கு ஒரு சைக்கிள் மசியவில்லையே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எனக்கு வேலை மறந்துபோச்சு போல."

"யாரு உங்களை விரட்டறாங்க? இன்னும் ஒரு வாரம் ஆகட்டுமே" என்றாள் மனைவி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடி. மருமகளும் வேகமாகத் தலையாட்டினாள்.

இவர்களுக்காகவாவது முடித்தாக வேண்டும் என்று வைராக்கியம் வந்தது.

மூன்றாம் நாள் காலை எல்லா வயரையும் பழையபடி நிறம் பார்த்துச் சேர்த்தார். பிறகு, அந்தக் காலத்தில் ஃபால்ட் தேடி லைனோடு நடந்ததுபோல, பேட்டரியிலிருந்து ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே போனார். சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கறுப்பு டப்பா தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தீய்வதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. பாவம், மூக்கு என்ன செய்யும்?

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று துள்ளினார்.

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "அதுக்குள்ளயா?" அவள் முகம் விழுந்துவிட்டது.

"பின்னே, என்னை யாருன்னு நினைச்சே?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். பழைய சினிமாப் பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது.

சைக்கிள் கடைக்காரப் பெண் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டிக்கு ஒரு ஃபியூஸ் கொடும்மா. மூடி போட்ட டப்பாவுக்குள்ள இருந்தது எப்படித்தான் விழுந்துச்சோ!"

அவள் என்ன அளவு என்றுகூடக் கேட்கவில்லை. மேஜை டிராயரை இழுத்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஃபியூஸை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"'வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, ஆனா ஒரு மாசம் தாங்கற மாதிரி ஒரு ரிப்பேர் வெச்சுக் கொடு'ன்னு உங்க வீட்டம்மாவும் மருமகளும் சேர்ந்து வந்து கேட்டாங்க, மூணாம் நாளே கண்டுபிடிச்சு வந்து நிக்கறீங்களே சார், இனி அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"